தொண்டு செய்தால் தண்டனையா?

பர்மிங்காமைச் சேர்ந்த நிலவியல் பட்டதாரிப் பெண் ஒருவர், வேலை தேடுவோருக்கான உதவித்தொகையைப் பெற்றபடி ஓர் அருங்காட்சியகத்தில் ஊதியமின்றிப் பணியாற்றி வந்தார். அருங்காட்சியகத் துறையிலேயே வேலை பெறுவது அவர் விருப்பம். 2011 நவம்பரில் வேலைவாய்ப்பு மையம் அவரைப் பவுண்ட்லேண்ட் கடைக்குச் சம்பளமில்லாமல் இரண்டு வாரம் அலமாரி அடுக்கவும் தரை பெருக்கவும் அனுப்பியது. மறுத்தால் உதவித்தொகை போய்விடும் என்று அவரிடம் சொல்லப்பட்டது.

அவர் வழக்குத் தொடுத்தார். அது கட்டாய உழைப்பு என்ற வாதத்தை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. ஆனால் அவரைக் கடைக்கு அனுப்பிய வேலைத் திட்டத்தின் விதிகள் செல்லாது என 2013 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இதற்கிடையே, மார்ச் மாதமே, மறுத்தவர்களின் உதவித்தொகையை நிறுத்திய பழைய தண்டனைகளைச் செல்லுபடியாக்கும் முன்தேதியிட்ட சட்டத்தைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவசரமாக நிறைவேற்றியிருந்தது. தோற்ற வழக்கைச் சட்டம் போட்டு வெல்வது அநீதி.

தொண்டுப் பணியைப் பொறுத்தவரை, பிரிட்டனின் இன்றைய ‘யுனிவர்சல் கிரெடிட்’ உதவித்தொகை விதிகள் எவ்வளவோ மேல். வேலை தேடச் செலவிட வேண்டிய நேரத்தில் பாதிவரை தொண்டுப் பணியாகக் கணக்கிடலாம்; வாரத்துக்கு 35 மணி நேரம் என்றால் பதினேழரை மணி நேரம். ஆனால் அதற்கு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். வேலையற்றவர் தாமே தேர்ந்த தொண்டு, லாபம் பார்க்கும் கடைக்கு இலவசமாக உழைப்பதைவிட அவரை வேலைக்கு அருகே கொண்டுசெல்லும் என்றே நம்புகிறோம். எனவே அந்த ஒப்புதல் இயல்பாகவே கிடைக்க வேண்டும்; மறுக்கும் அதிகாரி காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.