பிறப்பால் வரும் குடிமையும் படிப்பால் வரும் குடிமையும்

திருக்குறளின் தொண்ணூற்றாறாம் அதிகாரத்திற்குக் ‘குடிமை’ என்று பெயர். உயர்குடியிற் பிறந்தோரின் இயல்பை அச்சொல் அங்கே குறித்து நிற்கிறது. இன்று பள்ளிப் பாடநூலில் ‘குடிமையியல்’ எனக் கண்டால் அரசமைப்பையும் குடிமக்களின் உரிமை, கடமைகளையும் பற்றிய அறிவென்றே நாம் பொருள் கொள்கிறோம். பிறப்பைச் சுட்டிய சொல், படிப்பைச் சுட்டும் சொல்லாக வளர்ந்திருக்கிறது. சொல் வளர்ந்த அளவிற்கு நாம் வளர்ந்திருக்கிறோமா என்பதே வினா. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியேறியோர் எழுதும் குடியுரிமைத் தேர்வை நோக்குங்கால் இவ்வினா நம்முள் எழுகிறது.

அங்கு நிரந்தரமாக வாழும் உரிமை பெற்றோர், பொதுவாக ஐந்தாண்டுகள் கழிந்தபின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆங்கிலத்தில் எளிய அளவில் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிகிறதா என்று பார்ப்பதோடு, அந்நாட்டு அரசு, வரலாறு பற்றி அலுவலர் வாய்மொழியாக வினாத் தொடுப்பார். 2008-இல் வகுக்கப்பெற்ற முறைப்படி 100 வினாக்களிலிருந்து 10 கேட்கப்படும். 6-க்குச் சரியான விடை கூறினால் தேர்ச்சி. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்போர்க்கு வினாத்தொகுதி 128 ஆயிற்று. 20 வினாக்களில் 12-க்கு விடை கூறுதல் வேண்டும். தவறியவர்க்கு மீண்டும் ஒரு வாய்ப்பு உண்டு.

வினாத்தாள் முன்னரே வெளியானால் நம் நாட்டில் தேர்வையே நிறுத்திவிடுவர். அங்கோ வினாக்களையும் விடைகளையும் அரசே அச்சிட்டு வழங்குகிறது. வடிகட்டுவதைவிடக் கற்பிப்பதே இங்கு முதன்மை என்பது இதனால் விளங்கும்.

வினாக்களுள் சில வெறும் எண்ணிக்கை. மேலவை உறுப்பினர் எத்தனை பேர்? 100. அரசமைப்பில் எத்தனை திருத்தங்கள்? 27. இவற்றைக் கிளிப்பிள்ளையும் ஒப்பிக்கும். ஆயின், சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன, அரசின் ஒரு பிரிவு மற்றவற்றை மிஞ்சி வலிமை பெறாமல் தடுப்பது எது என்னும் வினாக்களும் அத்தொகுதியில் உள்ளன. ஆட்சியாளரும் சட்டத்திற்கு உட்பட்டவரே என்னும் விடையை உணர்ந்து சொல்பவர் அலுவலகத்தின் முன் நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொள்கிறார். அதுவே அப்படிப்பின் பயன் என்பது நம் கருத்து.

தேர்வு என்பது எப்போதும் நன்மைக்கே பயன்பட்டது என்றும் நாம் கூறோம். அதே நாட்டின் தென்மாநிலங்களில், கறுப்பின மக்கள் வாக்களியாதவாறு தடுக்க எழுத்தறிவுத் தேர்வு கருவியாக்கப்பட்டது. 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டமே அத்தடையை உடைத்தது. குடியுரிமையின் கதவும் நெடுங்காலம் நிறத்தால் அடைக்கப்பட்டிருந்தது. வெள்ளையர்க்கே குடியுரிமை என்றது 1790-ஆம் ஆண்டுச் சட்டம். முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத்சிங் திண்ட் என்னும் இந்தியர்க்கு, அவர் வெள்ளையர் அல்லர் என்று கூறி உச்ச நீதிமன்றம் 1923-இல் குடியுரிமை மறுத்தது. இந்தியர்க்கு அக்கதவு திறந்தது 1946-இல்தான். நிறத்தைக் கேட்ட வாயில் இன்று அறிவைக் கேட்கிறது. எல்லார்க்கும் ஒரே வினா, முன்னரே அறிவிக்கப்பட்ட விடை, தவறினால் மறுவாய்ப்பு என்னும் நெறிகள் உள்ளவரை அத்தேர்வு மதிலாகாது, படியாகும்.

தமிழ்த்துறையினராகிய நாம் கருதத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. ஐம்பது அகவை நிரம்பி இருபதாண்டுகளோ, ஐம்பத்தைந்து நிரம்பிப் பதினைந்தாண்டுகளோ அங்கு நிரந்தர வாழுரிமையுடன் வாழ்ந்தவர், மொழிபெயர்ப்பாளர் துணையுடன் தம் தாய்மொழியிலேயே விடை கூறலாம். மகன் வீட்டிற்குச் சென்று தங்கிவிட்ட ஒரு தமிழ் மூதாட்டி, சட்டமன்றம், நிருவாகம், நீதித்துறை என்று தமிழிலேயே சொல்லி அந்நாட்டின் குடிமகளாகலாம். அரசியலை எளிய தமிழிற் சொல்லும் நூல்களின் தேவை கடல் கடந்தும் நீள்கிறது. அத்தகைய கையேடுகளை ஆக்குவது தமிழ் பயிலும் மாணவர்க்கு ஏற்ற பணி.

இனி நம் வீட்டிற்கு வருவோம். 1955-ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டம், இயல்புரிமை வழியாகக் குடியுரிமை கோருவோர்க்கு அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றில் போதிய அறிவு வேண்டும் என்கிறது. அரசியலறிவுத் தேர்வு ஏதும் வைக்கவில்லை. பிறப்பால் குடிமக்களாகிய நமக்கோ பத்தாம் வகுப்போடு அப்பாடம் முடிந்துவிடுகிறது. கிராம சபைக் கூட்டத்தில் கணக்குக் கேட்கும் உரிமை தமக்குண்டு என்பதை அறிந்தோர் எத்துணையர்? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தியோர் எத்துணையர்? அறியாதவன் தன் உரிமையை இடைத்தரகரிடம் விலைகொடுத்து வாங்கி, அதனைச் சலுகையென்று எண்ணிக் கைகூப்பித் திரும்புகிறான். பட்டம் பெற்றோரும் இதற்கு விலக்கல்லர் என்பதே வருத்தத்திற்குரியது.

அமெரிக்க அரசமைப்பும் நம் அரசமைப்பும் ‘மக்களாகிய நாம்’ என்னும் கருத்தோடே தொடங்குகின்றன. அச்சொற்களைப் பற்றிய வினாவும் அத்தேர்வில் உண்டு. குடியேறியவர் அதற்கு விடை படித்து அந்த ‘நாம்’ என்பதனுள் நுழைகிறார். நாமோ அதனுள்ளே பிறந்தும் அதன் பொருளைப் படியாதிருக்கிறோம். அரசமைப்பு நூல் தமிழிலும் கிடைக்கிறது. நாளுக்கு ஒரு பக்கம் படித்தாலும் ஓராண்டிற்குள் பெரும்பகுதியை அறிந்துவிடலாம். நம்மை எவரும் தேர்வுக்கு அழைக்கப்போவதில்லை, நாமே அழைத்துக்கொள்வோம்.