முன்பள்ளியில் எடுக்கும் படம் யாருக்கு?

எமது மீள்குடியேற்றக் கிராமங்களிலும் முகாம்களிலும் நடக்கும் முன்பள்ளிகளில் இன்று ஆசிரியையின் கையில் ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. ஆண்டிறுதிக் கலைவிழா, விளையாட்டுப் போட்டி, சத்துணவு வழங்கல், புத்தகப்பை வழங்கல் என எல்லாவற்றுக்கும் படம் எடுக்கப்படுகிறது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பின்னால் பதாகை கட்டி, பையை நெஞ்சோடு அணைத்தபடி எடுக்கும் அந்தப் படம் உங்களுக்கும் பழக்கமானதுதான். அது உதவி செய்த நிறுவனத்துக்குப் போகிறது, அறிக்கையில் சேர்கிறது. நானும் பல வருடங்களாக இத்தகைய அறிக்கைகளை எழுதியவன். எனவே பிறரைக் குறைகூற இதை எழுதவில்லை. ஆனால் அந்தப் படங்களில் ஒன்றையாவது பார்த்து, 'இந்தப் பிள்ளை இதைக் கற்றிருக்கிறது' என்று எவராலும் சொல்ல முடியுமா? பை கிடைத்தது என்று மட்டுமே சொல்லலாம்.

முன்பள்ளியில் கைத்தொலைபேசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது முதலில் பிள்ளைக்கும் பிள்ளையின் வீட்டுக்கும் பயன்பட வேண்டும், பிறகுதான் அறிக்கைக்கு என்கிறேன்.

சென்ற வருடம் ஒரு முன்பள்ளிக்குப் போயிருந்தேன். கிணற்றடிக்குப் பக்கத்தில் கட்டட வேலைக்குப் பறித்த மணல் மிச்சம் கிடந்தது. நான்கு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி சிரட்டையால் தண்ணீர் ஊற்றி விளையாடிக்கொண்டிருந்தாள். விரலால் வாய்க்கால் இழுத்து, அதன் முடிவில் மண்ணால் அணை கட்டியிருந்தாள். தண்ணீர் அணையை உடைத்தது. மறுபடியும், முன்னையிலும் உயரமாகக் கட்டினாள். அதையும் உடைத்தது. மூன்றாம் தரம் அவள் உயர்த்தவில்லை. ஒரு பக்கத்தில் சிறு வழி விட்டு, மண் கரையாமல் அதிலே ஒரு பூவரசம் இலையைப் பதித்தாள். நிரம்பிய தண்ணீர் அந்த வழியால் ஓடியது. 'தண்ணிக்குப் போக இடம் குடுத்தா அது கோவிக்காது' என்று பக்கத்தில் இருந்த பிள்ளைக்குச் சொன்னாள்.

ஆசிரியை ஒரு நிமிடமளவில் இதை வீடியோ எடுத்திருந்தார். மத்தியானம் பிள்ளையைக் கூட்டிப்போகத் தகப்பன் வந்தார். முன்பு குளத்தின் கீழ் நெல் விதைத்தவர். இப்போது கூலிக்குப் போகிறவர். பெற்றோர் கூட்டங்களுக்கு வராதவர் என்று பெயர் எடுத்தவர். வீடியோவைக் காட்டியதும் முதலில் சிரித்தார். பிறகு மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறை பார்த்துவிட்டு, 'பாதர், உது வான் எல்லோ! குளத்துக்கு வான் விடுகிற மாதிரி விட்டிருக்கிறாள். உதை ஆர் இவளுக்குச் சொல்லிக் குடுத்தது?' என்று கேட்டார். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளை குளக்கட்டைக் கண்டதே இல்லை.

இரண்டு நாள் கழித்து அவர் மண்வெட்டியோடு வந்தார். மணலில் வரம்பு கட்டி, பாத்தி பிரித்து, ஒரு பாத்திக்குத் தண்ணீர் போகும்போது மற்றதை எப்படி அடைப்பது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுத்தார். அந்த வீடியோ இல்லாதிருந்தால் அன்று மத்தியானம் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய செய்தி ஒன்றுதான்: 'இண்டைக்கு மண்ணுக்குள்ள விளையாடினவள், உடுப்பெல்லாம் ஊத்தை.'

பெற்றோராகிய உங்களில் பலர் முன்பள்ளியைப் பற்றிச் சொல்லும் குறை எனக்குத் தெரியும். 'அங்கே விளையாட விடுகினம், எழுதப் பழக்கிறதில்லை' என்பீர்கள். காணி போய், வீடு போய், கால்நடையும் போன பின்னர், பிள்ளையின் படிப்பு ஒன்றையே சொத்தாக நம்பியிருப்பவர்கள் அப்படிக் கேட்பதில் பிழையில்லை. ஆனால் நான்கு வயதில் ஒரு பிள்ளை இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை வேறு வழி யோசிக்கிறதே, அதுவும் படிப்புத்தான். 'அ' எழுதியது கொப்பியில் தெரியும். யோசித்தது கொப்பியில் தெரியாது. அதைப் பிடித்துக் காட்டத்தான் கருவி உதவும்.

இந்த முறை நான் கண்டுபிடித்ததல்ல. இத்தாலி நாட்டின் வடபகுதியில் ரெஜ்ஜோ எமிலியா என்று ஒரு நகரம் உண்டு. 1945இல் உலகப் போர் முடிந்தபோது அதன் அருகே வில்லா செல்லா என்ற கிராமத்து மக்கள், பின்வாங்கிய ஜெர்மன் படை விட்டுச்சென்ற ஒரு தாங்கியையும் சில லொறிகளையும் குதிரைகளையும் விற்று, அந்தப் பணத்தில் தம் சிறுபிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கட்டத் தொடங்கினார்கள். குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் கற்களைப் பொறுக்கி எடுத்தார்கள். ஆற்றில் மணல் அள்ளினார்கள். கூலியில்லாமல் வேலை செய்தார்கள். இதைக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போன லோரிஸ் மலகுட்சி என்ற இளம் ஆசிரியர், 1994இல் இறக்கும்வரை அப்பிரதேசத்துப் பாலர் பள்ளிகளோடேயே இருந்தார். பிள்ளைகள் பேசுவதை ஒலிநாடாவில் பதிந்து, செய்வதைப் படம் பிடித்து, அவர்கள் சொன்ன சொற்களோடு சேர்த்துச் சுவரில் ஒட்டிப் பெற்றோரோடு கலந்து பேசும் வழக்கம் அங்கேதான் வளர்ந்தது. இன்று உலகின் பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் அதைப் பார்க்கப் போகிறார்கள். (ஒரு குருவானவராக இதையும் சொல்லிவிட வேண்டும்: அந்நாளில் இத்தாலியில் பாலர் பள்ளிகள் பெரும்பாலும் எமது திருச்சபையின் கையில் இருந்தன. இவர்கள் அதற்கு மாற்றாகத் தொடங்கியவர்கள். நல்லதை எங்கிருந்தும் கற்கலாம்.)

போரில் எல்லாம் இழந்த உழவர்களும் தொழிலாளர்களும் முதலில் கட்டியது பாலர் பள்ளி என்பது எமக்கு அந்நியமான கதையல்ல. ஓலைக்கொட்டிலில், மரநிழலில் முன்பள்ளி நடத்திய சனம் நாங்கள். கருவியைக் கண்டு பயந்த சனமும் அல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காதபோது சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம்.

எமது மக்களுக்கு இப்படிப் பதிந்து வைப்பதில் இன்னொரு தேவையும் உண்டு. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும், 2009இல் வன்னியில் இடம்மாறி இடம்மாறி ஓடியபோதும், ஒவ்வொரு குடும்பமும் ஒரு பொலித்தீன் பையைக் காப்பாற்றியது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு ஆகியவை அதற்குள் இருந்தன. பிள்ளை முதலில் கீறிய படமோ, நான்கு வயதில் சொன்ன ஒரு கதையோ அதில் இருக்கவில்லை. இன்று தாயாகிவிட்ட பலருக்குத் தங்கள் சிறுவயதுப் படம் ஒன்றுகூட இல்லை. தங்கள் பிள்ளைக்குக் காட்ட அவர்களிடம் எதுவும் இல்லை.

ஆகவே ஆசிரியைகளுக்கு என் வேண்டுகோள் இது. உங்களுக்குக் கிடைக்கும் கொடுப்பனவு சிறியது, வேலை பெரியது. எல்லாப் பிள்ளைகளையும் எந்நேரமும் படம் எடுக்கச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை போதும். இருபது பிள்ளைகள் என்றால் நான்கு கிழமையில் எல்லோருக்கும் முறை வரும். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிள்ளையை நிமிர்ந்து பார்க்கச் சொல்லாதீர்கள். கையைப் படம் எடுங்கள், வேலையை எடுங்கள், பேச்சைப் பதியுங்கள். பிறகு ஒரு சாதாரணக் கொப்பியில் திகதி போட்டு, பிள்ளை சொன்ன வசனத்தை அது சொன்னபடியே எழுதுங்கள். அதைத் திருத்த வேண்டாம். கீழே, இதில் பிள்ளை எதைக் கற்றது என்று நீங்கள் நினைப்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். படத்தை அச்சிடக் காசு இல்லாவிட்டால் பிள்ளை கீறியதை ஒட்டுங்கள். அந்தக் கொப்பி வருட இறுதியில் வீட்டுக்குப் போக வேண்டும். கைத்தொலைபேசி விழுந்தால் உடையும். ஆசிரியை மாறினால் படமும் அவரோடு போகும். கொப்பி பொலித்தீன் பைக்குள் அடங்கும்.

2020இல் கொரோனாவால் எல்லாம் மூடப்பட்டபோது, வட்ஸ்அப்பில் பயிற்சித்தாள்கள் வந்து குவிந்தன. ஒரே போன் உள்ள வீட்டில் மூத்த பிள்ளை படிப்பதா, இளையது படிப்பதா என்ற சண்டை. போன் இல்லாத வீட்டில் அதுவும் இல்லை. எனவே வட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பாதீர்கள். டேட்டா போட முடியாத தாய்க்கு, பிள்ளையைக் கூட்டிப்போக வரும்போது வாசலில் வைத்துக் காட்டுங்கள். குழுவில் எல்லாப் பிள்ளைகளினதும் வேலையைப் போட்டால், யாருடைய பிள்ளை கெட்டி என்ற ஒப்பீடு தொடங்கிவிடும். அந்தந்த வீட்டுக்கு அந்தந்தப் பிள்ளையினதை மட்டும் அனுப்புவதே நல்லது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிள்ளைகளின் முகத்தைப் பேஸ்புக்கில் போடாதீர்கள். முகாம்களில் எங்களைப் படம் எடுத்தவர்கள் எங்களைக் கேட்டு எடுக்கவில்லை. கமெராவைக் கண்டால் 'என்னத்துக்குப் பதியினம்?' என்று நெஞ்சு திடுக்கிட்ட காலம் உங்களுக்கு நினைவிருக்கும். எங்களுக்குச் செய்யப்பட்டதை எங்கள் பிள்ளைகளுக்கு நாமே செய்யக்கூடாது. பெற்றோரைக் கேளுங்கள், பிள்ளையையும் கேளுங்கள். 'எடுக்க வேண்டாம் ரீச்சர்' என்று அது சொன்னால் போனைக் கீழே வையுங்கள். உதவி தருபவர்கள் முகம் கேட்டால், மண்ணில் கட்டிய அணையின் படத்தை அனுப்புங்கள். அவர்களில் நல்லவர்கள் புரிந்துகொள்வார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. கருவி ஒரு பக்கம் மட்டும் போகும் பாதை அல்ல. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறியவர்களில் ஒரு பகுதியினருக்குக் காணி இன்னும் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட ஒரு தாத்தாவை, அவர் ஊர்க் கிணற்றைப் பற்றிப் பேரனின் முன்பள்ளிக்குக் குரல்பதிவு அனுப்பச் சொன்னோம். முதலில் வெட்கப்பட்டார். பிறகு செம்மண்ணைப் பற்றி, விடிய முன் துலா மிதித்ததைப் பற்றி, வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டியதைப் பற்றி, கிணற்றுக்குள் ஒரு ஆமை விட்டு வளர்த்ததைப் பற்றி நிறுத்தாமல் பேசினார். பிள்ளைகள் வட்டமாக இருந்து கேட்டார்கள். துலா என்றால் என்ன என்று கேட்டு, ஆசிரியை தடியும் கயிறும் கொண்டு ஒன்று செய்து காட்டினார். மறுநாள் பிள்ளைகளின் கேள்விகளை அதே போனில் பதிந்து தாத்தாவுக்கு அனுப்பினார்கள். கிணறு எவ்வளவு ஆழம், தண்ணீர் உப்பா, ஆமைக்கு என்ன பெயர் என்பவற்றுக்கெல்லாம் அன்றிரவே பதில் வந்துவிட்டது. 'அந்த ஆமைக்கு இப்ப ஆர் சாப்பாடு குடுக்கிறது?' என்று கடைசியாக ஒரு பிள்ளை கேட்டிருந்தது. அதற்கான பதிலைப் போனில் சொல்ல மாட்டாராம். நேரில் வந்து சொல்கிறேன் என்றிருக்கிறார்.