தரவரிசை கேட்கும் வளாகமும் கேட்கப்படாத மாணவரும்

மும்பை ஐஐடியின் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் பிரிவு 2022இல் அம்மாணவர்களிடையே கணக்கெடுப்பு நடத்தியது. தம் சாதியை அறியும் நோக்கில் சக மாணவர்கள் நுழைவுத்தேர்வுத் தரவரிசையைக் கேட்டதாகப் பதிலளித்தோரில் சுமார் 37 விழுக்காட்டினர் தெரிவித்தனர். சுமார் 26 விழுக்காட்டினரிடம் அதே நோக்கில் குடும்பப் பெயர் கேட்கப்பட்டிருந்தது. 2023 பிப்ரவரியில் முதலாண்டு தலித் மாணவர் தர்ஷன் சோலங்கி அங்கு உயிரிழந்தார். சாதிப் பாகுபாடே காரணம் என்றது குடும்பம். நிறுவனத்தின் விசாரணைக் குழு அதை ஏற்கவில்லை. தரவரிசையை விசாரிப்பது தகாது என்னும் அறிவுறுத்தல் 2023 ஜூலையில்தான் வந்தது.

கணக்கெடுப்பு மட்டும் யாரையும் காப்பதில்லை என்பதே இதன் பாடம். புதிய மாணவரிடம் முதற்பருவத்திலேயே கேட்கவேண்டும்: உதவித்தொகை வந்ததா, ஆங்கில வழிப் பாடம் புரிகிறதா, விடுதியில் ஒதுக்கப்படுகிறாரா? ஆனால் ஒரு துறையில் பழங்குடி மாணவர் ஒருவரே இருப்பின், பெயரை நீக்கினாலும் அடையாளம் மறையாது. மதிப்பெண் இடும் ஆசிரியர் கைக்குப் போகும் படிவத்தில் எவரும் உண்மையை எழுதார். ஆகவே விடைகளைத் துறைக்கு வெளியிலுள்ள குழுவே தொகுக்கவேண்டும். முடிவுகளையும் எடுத்த நடவடிக்கைகளையும் ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். இல்லையேல் மாணவரின் துயரம் நிர்வாகத்தின் கோப்புகளில் ஒன்றாகவே முடியும்.