கடிதத்தை மூடுவது குற்றமா?

என்னோடு தனியார் வகுப்பில் படிக்கும் தோழி ஒருத்தியின் ஊர் எழுவைதீவு. கிழமை நாட்களில் யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படிப்பாள். விடுமுறை வந்தால் பஸ்ஸில் ஊர்காவற்றுறைக்குப் போய், அங்கிருந்து வள்ளம் ஏறுவாள். கடல் கொந்தளித்தால் அந்தப் பயணமும் இல்லை.

அவள் வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. பிரான்சில் இருக்கும் மாமியின் கடிதங்களும் அக்காவின் பல்கலைக்கழக விண்ணப்பம் பற்றிய தகவல்களும் அதிலுள்ள மின்னஞ்சல் மென்பொருளுக்கே வருகின்றன. சமிக்ஞை கிடைக்கும் நேரத்தில் இறக்கி வைத்துக்கொண்டால், கிடைக்காத நேரத்திலும் வாசிக்கலாம். தீவில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

ஒருநாள் அந்த மென்பொருள் வேலைசெய்ய மறுத்தது. பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னது. கணினி தெரிந்த ஒருவர் வந்து பார்த்தார். அமைப்புகளைத் திறந்து, இணைப்பின் பாதுகாப்பு என்ற இடத்தில் ‘ஒன்றுமில்லை’ என்பதைத் தெரிவுசெய்தார். உடனே கடிதங்கள் வந்துவிட்டன. எல்லோருக்கும் சந்தோஷம்.

விடுமுறையொன்றில் வாப்பாவோடு அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது இதைக் கண்டேன். மாற்ற வேண்டும் என்று சொன்னேன். அவளுடைய அப்பா சிரித்தார். “எங்களிட்ட மறைக்கிறதுக்கு என்ன பிள்ளை கிடக்கு?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன். ஏனெனில் நம் வீடுகளிலும் அதே கேள்வி இருக்கிறது. பெண்பிள்ளை கடவுச்சொல் வைத்தால், “எதை மறைக்கிறாய்?” என்பதுதான் முதலில் வருகிறது.

முதலில் அந்த ‘ஒன்றுமில்லை’ என்ன செய்கிறது என்று பார்ப்போம். தீவுக்குத் தபால் வள்ளத்தில் வருகிறது. தபாற்பையின் வாய் கட்டப்பட்டு முத்திரையிடப்பட்டிருக்கும். அதை ஏற்றி இறக்குபவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனாலும் பையைக் கட்டாமல் அனுப்பும் வழக்கம் எந்தத் தபாற்கந்தோரிலும் இல்லை. மின்னஞ்சலும் பல கைகள் மாறித்தான் வருகிறது. மறைகுறியாக்கம் இல்லாத இணைப்பில் கடிதம் மட்டுமல்ல, கடவுச்சொல்லும் திறந்தபடியே போகலாம். புதிய கடிதம் வந்ததா என்று மென்பொருள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்கும் ஒவ்வொரு தடவையும் அது நடக்கும். பஸ் நிலையத்திலோ கடையிலோ பூட்டில்லாத வைஃபையில் இணைந்திருந்தால், அதே வைஃபையில் இருக்கும் வேறொருவர் சாதாரண மென்பொருளொன்றைக் கொண்டே அதைப் பிடித்துவிடலாம்.

கடவுச்சொல் போனால் கடிதங்கள் மட்டும் போவதில்லை. முகநூல், வங்கி, பரீட்சை விண்ணப்பம் என எதன் கடவுச்சொல்லை மறந்தாலும் புதியதைப் பெறும் வழி மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. அடையாள அட்டைப் பிரதியும் பிறப்புச் சான்றிதழும் அங்கேதான் கிடக்கின்றன. பிள்ளையின் பெயரில் மாமிக்குக் கடிதம் எழுதி, வேறொரு கணக்குக்குக் காசு அனுப்பச் சொல்வதும் திருடனுக்குக் கடினமல்ல. மறைக்க ஒன்றுமில்லாத வீட்டிலும் இழப்பதற்கு நிறைய இருக்கிறது.

மின்னஞ்சல் பிறந்த காலத்தில் இந்தப் பயம் இருக்கவில்லை. 1982 இல் அஞ்சல் அனுப்பும் முறையை வகுத்தபோது அதைப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் ஆய்வாளர்களும் பல்கலைக்கழகத்தாருமே. முத்திரையிடும் முறையான ரி.எல்.எஸ். 1999 இல்தான் வந்தது. ஜிமெயில்கூட 2010 இல்தான் உலாவியில் திறக்கும் எல்லோருக்கும் பாதுகாப்பான இணைப்பை வழமையாக்கியது. மின்னஞ்சல் மென்பொருள்கள் மறைகுறியாக்கப்பட்ட இணைப்பையே பயன்படுத்த வேண்டும் என்று இணையத் தரங்களை வகுப்போர் 2018 இல் பரிந்துரைத்தார்கள். 2021 இல் ரி.எல்.எஸ். முறையின் பழைய இரண்டு பதிப்புகளையும் கைவிடச் சொன்னார்கள். தோழி வீட்டு மென்பொருள் பழையது. அதற்குத் தெரிந்த பூட்டைச் சேவையகம் ஏற்க மறுத்தது. பூட்டைப் புதுப்பிப்பதற்குப் பதிலாகக் கதவையே கழற்றி வைத்துவிட்டார்கள்.

சரியான வழி இலேசானது. மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றினோம். அமைப்புகளில் உள்வரும் அஞ்சலுக்கு எஸ்.எஸ்.எல்./ரி.எல்.எஸ். என்பதைத் தெரிவுசெய்தோம். ஐமேப் முறையென்றால் எண் 993, பொப் முறையென்றால் 995. வெளிச்செல்லும் அஞ்சலுக்கு 465. சில சேவைகளில் ஸ்டார்ட் ரி.எல்.எஸ். உடன் 587. பிறகு கடவுச்சொல்லையும் மாற்றினோம். பழையது திறந்தபடி எத்தனை தடவை பயணித்ததோ யாருக்குத் தெரியும்? சேவையகத்தின் சான்றிதழ் சரியில்லை என்று எச்சரிக்கை வந்தால், வாசிக்காமல் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்த வேண்டாம் என்றும் சொல்லி வைத்தேன்.

இதனால் எல்லாம் காக்கப்பட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. முத்திரை பைக்குத்தான்; பை போய்ச் சேரும் இடத்தில் அது அவிழ்க்கப்படுகிறது. மின்னஞ்சல் சேவையை நடத்துவோர் நினைத்தால் வாசிக்க முடியும். கொமியூனிகேஷன் கடையில் விண்ணப்பத்தை அச்சிட்டுவிட்டுக் கணக்கிலிருந்து வெளியேறாமல் வந்தால் எந்த மறைகுறியாக்கமும் உதவாது. நம்மில் பலர் தவறுவது அங்கேதான்.

இப்போது மறைப்பதைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது என் உம்மா சிறுபிள்ளை. புத்தளத்தில் முகாமில் இருந்துகொண்டு, பக்கத்து வீட்டுத் தோழிக்குக் கடிதம் எழுதினாராம். அது யார் யார் கையால் போகும், வழியில் யார் பிரிப்பார்கள் என்று தெரியாது. போர்க்காலங்களில் செஞ்சிலுவைக் குழு கொண்டு சேர்க்கும் குடும்பச் செய்திகளும் திறந்த தாளில் எழுதப்படுபவைதாம். குடும்ப நலத்தைத் தவிர வேறெதையும் அதில் எழுதக்கூடாது. உம்மாவும் “நாங்கள் சுகம், நீங்கள் சுகமா?” என்றே எழுதினாராம். கூடாரத்துக்குள் மழைத்தண்ணீர் வந்ததையும் தம்பிக்குக் காய்ச்சல் என்பதையும் வீட்டை நினைத்து இரவில் அழுததையும் எழுதவில்லை.

இதில் மறைக்க வேண்டிய குற்றம் எது? ஒன்றுமில்லை. ஆனால் பிறர் வாசிப்பார்கள் என்று தெரிந்தால் மனிதர் உண்மையை எழுதமாட்டார்கள். சுகத்தை மட்டுமே எழுதுவார்கள்.

அன்பான பெற்றோர்களே, இதைத்தான் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். பாதையில் ஒருவன் தொல்லை கொடுக்கிறான் என்பதை ஆசிரியைக்கு எழுத நினைக்கும் பிள்ளை, தன் கடிதம் பலர் கண்ணில் படும் என்று பயந்தால், “நான் சுகம்” என்றே எழுதுவாள். நீங்களும் அவள் சுகமாக இருக்கிறாள் என்றே நம்பிக்கொண்டிருப்பீர்கள். ஸலாம் சொல்லி, அனுமதி கேட்டு, பிறர் வீட்டுக்குள் நுழையும் ஒழுக்கத்தை எங்களுக்குக் கற்றுத் தந்தவர்கள் நீங்கள். கடிதத்துக்கும் அந்த வாசற்படி உண்டு. பிறர் நம்மை நம்பி எழுதியது நம்மிடம் உள்ள அமானிதம்.

சிறு பிள்ளைகளுக்குக் கண்காணிப்பு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அது வீட்டுக்குள், பிள்ளைக்குத் தெரிந்து, பக்கத்தில் இருந்து செய்வது. முகம் தெரியாதவனுக்குக் கதவைத் திறந்து வைப்பது கண்காணிப்பு ஆகாது.

மாணவிகளே, தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் மறைகுறியாக்கம் என்ற சொல்லைப் பரீட்சைக்காகப் படிக்கிறோம். இந்த விடுமுறையில் அதை வீட்டுக்குக் கொண்டு போவோம். உம்மாவையோ வாப்பாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக் கணினியின் மின்னஞ்சல் அமைப்புகளைத் திறந்து பாருங்கள். ‘ஒன்றுமில்லை’ என்றிருந்தால் மாற்றுங்கள். எதற்கு என்று அவர்கள் கேட்டால், பொறுமையாகச் சொல்லுங்கள்.

எழுவைதீவில் அன்று நான் சொல்லி முடித்ததும் தோழியின் அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் கைத்தொலைபேசியை நீட்டி, “அப்ப இதையும் ஒருக்காப் பார் பிள்ளை” என்றார்.