உள்நாட்டுப் போருக்கு இரண்டு நிறம் போதாது

பலகையாட்டக்காரர்களிடையே ஒரு பழக்கம் உண்டு. பெட்டியோடு வரும் விதிப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தமக்கென்று சில விதிகளை எழுதிக்கொள்வார்கள். வீட்டு விதி என்று இதைச் சொல்கிறார்கள். தாயத்தில் காயை வெட்டினால் மறு ஆட்டம் உண்டா என்பது தெருவுக்குத் தெரு மாறுவதைப் போன்றதுதான் இதுவும். குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் போர்த்தந்திர ஆட்டமொன்றை எடுத்து அதில் உள்நாட்டுப் போரை நிகழ்த்திக் காட்டப் புறப்படுகிறவர்கள் எழுதும் வீட்டு விதிகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல் மூள்கிறது. அவற்றில் பெரும்பாலானவை உள்நாட்டுப் போரைப் பற்றியவையே அல்ல.

வழக்கமான செய்முறை இதுதான். ‘ரிஸ்க்’ ஆட்டத்தின் விதிகளை எடுத்துக்கொள்வது. (1957இல் பிரான்சில் வெளிவந்த இந்த ஆட்டத்தை வடிவமைத்தவர் ‘சிவப்பு பலூன்’ திரைப்படத்தின் இயக்குநர் ஆல்பர் லமோரிஸ் என்பது பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி.) அதன் உலக வரைபடத்தில் ஸ்பெயின் தனி நிலப்பகுதியாகக்கூட இல்லை, ‘மேற்கு ஐரோப்பா’வுக்குள் கரைந்து கிடக்கிறது. ஆகவே ஸ்பெயினைத் தனியாக வரைந்து, 1936 ஜூலையில் இருந்தபடி நடுவே ஒரு கோடு கிழித்து, குடியரசுக்குச் சிவப்புக் காய்களும் பிராங்கோ தரப்புக்கு நீலக் காய்களும் கொடுப்பது. சில சுற்றுகளுக்கு ஒருமுறை நீலத்துக்கு ஜெர்மனியும் இத்தாலியும், சிவப்புக்குச் சோவியத்தும் துணைப்படை அனுப்பும். மீதியைப் பகடை பார்த்துக்கொள்ளும்.

இந்த ஆட்டத்தில் ஸ்பெயின் என்ற பெயரை அழித்துவிட்டு பிரான்சும் ஜெர்மனியும் என்று எழுதினால் ஒரு விதியைக்கூட மாற்ற வேண்டியிராது. நான் சொல்ல வருவது அதைத்தான். உள்நாட்டுப் போரில் எவன் எவனுடையவன் என்பதே போரின் பொருள். அதை ஆட்டம் தொடங்குமுன்பே நிறமாகப் பூசிக் கையில் கொடுத்துவிட்டால் அது அயல்நாட்டுப் போர். அதைவிட மோசமானது இன்னொன்று. அங்கே தொடக்கம் முதலே இரண்டு தேசங்கள் இருந்தன, ஒன்று ஸ்பெயின், மற்றது ‘எதிர்-ஸ்பெயின்’ என்பது பிராங்கோ தரப்பின் பிரசாரம். இரு நிறக் காய்களை அடுக்குகிற நண்பர்கள், தாம் நடுநிலையாளர்கள் என்ற நினைப்பிலேயே அந்தப் பிரசாரத்தை அட்டையில் வெட்டி ஒட்டுகிறார்கள்.

உண்மையில் 1936 ஜூலையில் நடந்தது என்ன? 17ஆம் தேதி மொரோக்கோவில் கலகம் தொடங்கியது. மறுநாள் ஸ்பெயினுக்குள் பரவியது. எந்த முகாம் எந்தப் பக்கம் என்பது பல ஊர்களில் அந்த முகாமுக்கே தெரிந்திருக்கவில்லை. குவார்தியா சிவில் என்ற ஆயுதக் காவல்படை பார்சிலோனாவில் குடியரசின் பக்கம் நின்றது. சரகோசாவில் கலகத்தோடு போயிற்று. கடற்படையில் அதிகாரிகள் பலர் கலகத்தை விரும்ப, மாலுமிகள் அவர்களை மடக்கிக் கப்பல்களைக் குடியரசிடமே வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் பிராங்கோவின் ஆப்பிரிக்கப் படை ஜெர்மானிய, இத்தாலிய விமானங்களில் ஜலசந்தியைக் கடக்க வேண்டியதாயிற்று. ஒவியேதோவில் கர்னல் அரண்டா குடியரசுக்கு விசுவாசம் தெரிவித்தார், சுரங்கத் தொழிலாளர்களை மாட்ரிட்டைக் காக்க அனுப்பிவைத்தார், அவர்கள் ரயிலேறிய பின் நகரைக் கலகக்காரர்களுக்காகக் கைப்பற்றினார். தெத்துவான் விமானதளத்தைக் குடியரசுக்காகக் காத்து நின்று, பிடிபட்டுச் சுட்டுக்கொல்லப்பட்ட அதிகாரி பிராங்கோவுக்குத் தாய்வழி உறவில் சகோதரர்.

இலக்கிய வாசகர்களுக்கு மச்சாதோ சகோதரர்களை நினைவூட்டினால் போதும். இருவரும் கவிஞர்கள், சேர்ந்து நாடகங்கள் எழுதியவர்கள். போர் மூண்டபோது மானுவேல் பூர்கோஸ் நகரில் இருக்க நேர்ந்தது. அந்நகர் கலகக்காரர்கள் வசமாயிற்று, அவரும் பிராங்கோவைப் பாடினார். அந்தோனியோ குடியரசோடு நின்று, பிரெஞ்சு எல்லையைக் கடந்து 1939 பிப்ரவரியில் கொல்லியூர் என்ற சிற்றூரில் இறந்தார். இவர்களில் எவருக்கு எந்த நிறக் காயைக் கொடுப்பீர்கள், எந்தத் தேதியில் கொடுப்பீர்கள்?

நம்முடைய புறப்பொருள் மரபிலும் காய்களுக்கு நிறம் உண்டு. நிரை கவர்பவனுக்கு வெட்சி, மீட்பவனுக்குக் கரந்தை. மதிலை முற்றுபவனுக்கு உழிஞை, காப்பவனுக்கு நொச்சி. பூவைப் பார்த்தே பக்கம் சொல்லிவிடலாம். ஆனால் நலங்கிள்ளி உறையூரை முற்றியிருக்க நெடுங்கிள்ளி உள்ளே அடைபட்டிருந்தபோது கோவூர்கிழார் பாடிய புறநானூற்று 45ஆம் பாட்டு இந்த ஏற்பாட்டையே குலைக்கிறது. இருவரும் சூடியிருப்பது சோழரின் ஆத்தி என்பதே அதன் வாதம். இன்னும் கூர்மையானது 47ஆம் பாட்டு. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் வந்த இளந்தத்தன் என்ற புலவரை ஒற்றன் என்று எண்ணி நெடுங்கிள்ளி கொல்லப் புக, கோவூர்கிழார் பாடிக் காப்பாற்றுகிறார். ஒரே பூவைச் சூடியவர்களின் போரில் ஐயம்தான் முதல் ஆயுதம். ‘ஐந்தாம் படை’ என்று நாம் இன்று சாதாரணமாகப் புழங்கும் தொடரும், நான்கு படைகள் மாட்ரிட்டை நோக்கி வர ஐந்தாவது நகருக்குள்ளேயே இருக்கிறது என்று தளபதி மோலா சொன்னதாகக் கூறப்படும் 1936ஆம் ஆண்டுப் பேச்சிலிருந்து வந்ததே. அந்தப் பீதியில் மாட்ரிட் சிறைகளிலிருந்து பரகுவேயோஸுக்குக் கொண்டுபோய்க் கொல்லப்பட்டவர்கள் ஏராளம்.

“சரி, விசுவாசத்துக்கு ஒரு பகடை உருட்டலாமே” என்பார்கள். சோம்பேறித்தனமான யோசனை. விசுவாசம் தற்செயலாக விழவில்லை. தொழிற்சங்கங்களுக்கு ஆயுதம் தர காசாரெஸ் கிரோகா மறுத்துப் பதவி விலகினார். 19ஆம் தேதி பிரதமரான ஹிரால் தந்தார். இடையில் கழிந்த மணிநேரங்களில் பல நகரங்களின் விதி முடிந்துவிட்டது. ஆகவே முகாம் காய்களைக் கவிழ்த்து வையுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு விளைவுகளை எழுதுங்கள்: அந்நகரில் சங்கங்களுக்கு ஆயுதம் கொடுக்கப்பட்டிருந்தால் ஒன்று, கொடுக்கப்படாதிருந்தால் மற்றொன்று. சில காய்களில் இரண்டும் ஒன்றாகவே இருக்கட்டும், ஒவியேதோக்கள் உண்டு. கட்டளையிடும் கணத்தில்தான் காயை நிமிர்த்த வேண்டும். ஆயுதம் கொடுத்த நகரம் கையில் நிற்கும், ஆனால் அங்கே எழும் படை அரசாங்க ஆட்டக்காரரின் சொல்லைக் கேட்காது. அதை நகர்த்துபவர் இன்னொருவர்.

இங்கேதான் மூன்றாவது நாற்காலி தேவைப்படுகிறது. குடியரசை ஒரே ஆள் ஆடுவது பெரும் பொய். 1937 மே மாதம் பார்சிலோனாத் தெருக்களில் குடியரசின் தரப்பினரே ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். போவும் கட்சியின் ஆந்த்ரேயு நின் ஜூனில் கைதாகிக் காணாமலாக்கப்பட்டார். 1939 மார்ச்சில் கர்னல் கசாதோவின் கவிழ்ப்பை ஒட்டி மாட்ரிட்டுக்குள் நடந்த சண்டையும் குடியரசுப் படைகளுக்கு இடையிலானதே. இதையெல்லாம் ஆட்டமாக்க முடியாது என்பவர்களுக்கு, ஏற்கெனவே ஆக்கியிருக்கிறார்கள் என்பதே பதில். 2023இல் வந்த ‘லேண்ட் அண்ட் ஃப்ரீடம்’ ஆட்டத்தில் அராஜகவாதிகள், கம்யூனிஸ்டுகள், மிதவாதிகள் என மூவர் ஆடுகிறார்கள்; போரில் தோற்றால் மூவரும் தோற்கிறார்கள். கொலம்பியாவைப் பற்றிய ‘ஆண்டியன் அபிஸ்’ (2012) நான்கு தரப்புகளைக் கொண்டது. அதை வடிவமைத்த வோல்கோ ருன்கே, ஒரு பகுதி யார் பிடியில் இருக்கிறது என்பதையும் அங்குள்ள மக்களின் மனம் யார் பக்கம் என்பதையும் தனித்தனியே கணக்கு வைக்கிறார். ஊரைப் பிடித்தவனுக்கு ஊர் சொந்தமில்லை.

விதிகள் பெருகினால் சுவாரசியம் போய்விடும் என்ற முறையீட்டை நான் பொருட்படுத்தப்போவதில்லை. சுவாரசியம் மட்டும் போதுமென்றால் தாயம் இருக்கிறது. பெட்டியின் மேல் ஸ்பெயின் என்று எழுதியவருக்குக் கடன் உண்டு.

ரத்தத்தை விளையாட்டாக்கலாமா என்ற கேள்வி அப்படித் தள்ளக்கூடியதன்று. போர்முனைக்கு அப்பால் கொல்லப்பட்டோர் ஏறத்தாழ 2,00,000 பேர் என்று வரலாற்றாசிரியர் பால் பிரெஸ்டன் மதிப்பிடுகிறார். பதஹோஸ் நகரம் வீழ்ந்தபின் நடந்ததை ஆட்டக்காரரின் ஒரு நகர்வாக, புள்ளி தரும் அட்டையாக அமைப்பது கயமை. அப்படி எதுவும் நடக்காததுபோல நகரைப் பிடித்து அடுத்த சுற்றுக்குப் போவது அதைவிடச் சற்றே நாகரிகமான கயமை. நான் கேட்பது சிறிய விதி. கைமாறும் ஒவ்வொரு நகரிலிருந்தும் நிறமற்ற காய்கள் சில எடுக்கப்பட வேண்டும். யாருக்கும் அதற்குப் புள்ளி கிடையாது, அவை திரும்பி வருவதும் கிடையாது. அவற்றைப் பெட்டிக்குள் போடாமல் மேசையின் ஓரத்தில் வரிசையாக நிறுத்துங்கள். ஆட்டம் முடிந்து வென்றவர் எழுந்த பிறகு, தோற்றவரும் வென்றவரும் சேர்ந்து அவற்றை எண்ணித்தான் பெட்டியை மூட வேண்டும்.