குழுவாகப் போய் நிலம் கேட்போம்
தருமபுரியில் 1989இல் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று நம் சேரிகளில் தெருவுக்கு ஒன்றாவது இருக்கின்றன. கந்துவட்டியின் பிடி தளர்ந்தது உண்மை. ஆனால் குழுக்கடன் ஆட்டுக்கும் மருத்துவச் செலவுக்கும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் போய்விடுகிறது, பயிருக்குப் போவதில்லை. நாற்று நடுவது நம் பெண்கள். பயிர்க்கடனுக்கோ சிட்டாவும் அடங்கலும் வேண்டும். நிலம் ஏது? பஞ்சமி நிலங்கள் கைமாறிப்போன கதை ஊரறிந்தது.

தாட்கோவின் நன்னிலம் திட்டத்தில், நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடிப் பெண் தொழிலாளர்கள் நிலம் வாங்க விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய், மானியம் உண்டு. நஞ்சை இரண்டரை ஏக்கர் அல்லது புஞ்சை 5 ஏக்கர் வரை வாங்கலாம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணமும் கிடையாது. மீதிப் பணத்துக்குக் குழுச் சேமிப்பு கைகொடுக்கும்.

முட்டுக்கட்டை வேறிடத்தில் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் அல்லாதவரிடம்தான் நிலத்தை வாங்க வேண்டும். சேரிக்கு விற்றவன் என்ற பேச்சுக்கு அஞ்சி, விற்க நினைப்பவரும் பின்வாங்குகிறார். ஒருத்தி தனியாகப் போய்க் கேட்டால் விலையையும் ஏற்றிவிடுகிறார்கள். ஆகவே குழுவாகப் போவோம். அடுத்த கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். விற்கச் சம்மதிப்பவர்களைத் தேடித் தருவதைத் தாட்கோ மாவட்ட அலுவலகம் தன் வேலையாக ஏற்க வேண்டும். விண்ணப்பம் இணையவழிதான், அதை நிரப்பித் தர நம் கல்லூரிப் பிள்ளைகள் போதும்.