ஐந்தாம் பாகத்துக்குப் பிறகு என்ன?

2022-ல் சினிமா வந்ததிலிருந்து எங்கள் ஃபிளாட்ஸில் பொன்னியின் செல்வன் படிக்காத வீடு இல்லை. முடித்தவர்கள் கேட்பது ஒன்றுதான். "சார், இதற்கு மேல் என்ன? விக்கிரமன் எழுதினது நன்றாக இருக்குமா? உடையார் ஆறு பாகமாமே, தாங்குமா?"

எழுபத்து மூன்று வயதில், இரண்டு கண்ணிலும் காட்டராக்ட் ஆபரேஷன் ஆனவனுக்கு இது விளையாட்டுக் கேள்வி இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது பக்கம். அதற்கு மேல் கண் ஒத்துழைக்காது. ஆறு பாகம் என்றால் மாதக்கணக்கு. இன்னும் படிக்காத மற்றதெல்லாம் அலமாரியில் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

பின்னால் வந்தது என்றாலே சரக்குக் குறைவு என்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் கல்கியே பதில். 1941-ல் தொடங்கிய பார்த்திபன் கனவில் சக்கரவர்த்தியாக வரும் மாமல்லரை, 1944-ல் தொடங்கிய சிவகாமியின் சபதத்தில் இளைஞராக்கிக் காட்டினார். பின்னால் எழுதிய அதுதான் இரண்டில் ஆழமானது என்பது என் கட்சி.

பொன்னியின் செல்வனிலும் கடைசிப் பாகம்தான் பெரிசு. நாலாம் பாகம் 46 அத்தியாயம், ஐந்தாவது 91. இழுவை என்பார்கள். ஆனால் நாகப்பட்டினத்தில் கடல் பொங்குவதும், ஆதித்த கரிகாலன் சாவதும், கைக்கு வந்த மகுடத்தை அருள்மொழி விட்டுக்கொடுப்பதும் அதில்தானே! கொன்றது யார் என்று மட்டும் கல்கி அடித்துச் சொல்லவில்லை. உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசன், சோமன் என்று துரோகிகளின் பெயர்கள் இருக்கின்றன. அப்படியும் கதையைத் திறந்தே வைத்தார். சட்டென்று முடித்துவிட்டீர்களே என்று குறைப்பட்ட வாசகர்களுக்கு முடிவுரையில் சமாதானம் சொன்னார். தொடர் முடிந்த 1954-லேயே, டிசம்பரில் காலமாகிவிட்டார். மேலே எழுதும் வேலை பிறர் கைக்குப் போயிற்று.

பிறர் எழுதியதில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: நமக்குத் தெரிந்த பாத்திரத்துக்கு வயது ஏறியிருக்கிறதா? வந்தியத்தேவன் இன்னும் மதிலேறிக் குதித்து மாட்டிக்கொண்டிருந்தால் நாற்பதாம் பக்கத்தில் மூடிவிடுவேன். அவனுக்கு முழங்கால் வலித்தால் மேலே படிப்பேன்.

விக்கிரமனின் நந்திபுரத்து நாயகி, கல்கியின் மூச்சிலேயே எழுதப் பார்த்த கதை. பழைய மனிதர்களைப் பிரிய மனமில்லாதவர்கள் தாராளமாகப் படிக்கலாம். எனக்கு ஒரு தடவை போதும்.

நம் மயிலாப்பூரில் வாழ்ந்த பாலகுமாரனின் உடையார் வேறு ஜாதி. அங்கே அருள்மொழி ராஜராஜ சோழன். பெரிய கோயில் கட்டி முடிக்கவேண்டிய கவலை தலைக்குமேல். கல் இழுப்பவன், சிற்பி, பஞ்சவன் மாதேவி எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. பேச்சு நீளும் இடங்களில் நான் நாலு பக்கம் தள்ளிவிடுவேன். பாலகுமாரன் ரசிகர்கள் மன்னிக்கவேண்டும். ஆனால் மனுஷன் மாறியிருக்கிறான்.

அடையாறில் இருக்கும் என் பேத்தி ஹாரி பாட்டரின் ஐந்தாம் புத்தகத்தில் நின்றுவிட்டாள். "எப்பப் பாத்தாலும் கோவிச்சுக்கறான் தாத்தா." பதினைந்து வயசுப் பையன் வேறென்ன செய்வான், மேலே படி என்றேன்.

உடையாரை எடுத்த எடுப்பில் செட்டாக வாங்காதீர்கள். ராயப்பேட்டை ஈஸ்வரி மாதிரி லெண்டிங் லைப்ரரிகள் இன்னும் இருக்கின்றன. முதல் பாகத்தை மட்டும் எடுத்துவந்து நாற்பது பக்கம் பாருங்கள்.